கேள்வி – பதில்: செல்லில் இருக்கும் மதிப்பும் மாறியில் வந்து சேரும் மதிப்பும்

எக்செல் மேக்ரோவில் (எக்செல்லில் வேலைகளைத் தானே செய்துமுடிக்கும் சிறு நிரலில்) செல்களின் மதிப்பை மாறிகளுக்குள் (மதிப்பைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் பெயரிட்ட இடங்களுக்குள்) எடுத்துவந்து கணக்கிடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். கட்டளைச் சொற்களையும் மாறிகளின் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் அச்சிட்டிருந்தாலும், மேக்ரோ எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும். ஏ2, பி2 என்று வருபவை செல் முகவரிகள்.

கேள்வி: மேக்ரோ ரெக்கார்டர் மூலம் பதிவு செய்து மட்டுமே எனக்குப் பழக்கம். பி2 செல்லில் உள்ள எண்ணிக்கையை சி2 செல்லில் உள்ள விலையால் பெருக்கி டி2 செல்லில் எழுதும்படி பதிவு செய்தேன். அது எத்தனை முறை ஓட்டினாலும் இரண்டாம் வரிசையையே கணக்கிடுகிறது. எல்லா வரிசைகளுக்கும் அதைச் செய்ய வைப்பது எப்படி? மாறி என்பது இங்கே எதற்குத் தேவை?

பதில்: ரெக்கார்டர் நீங்கள் எந்தச் செல்லைத் தொட்டீர்களோ அந்த முகவரியை அப்படியே எழுதிவைக்கும். ஒரு வேலையை வரிசைக்கு வரிசை திரும்பச் செய்ய வேண்டும் என்ற உங்கள் எண்ணம் அதற்குத் தெரியாது. முகவரியில் மாறக்கூடிய பகுதி வரிசை எண் ஒன்றுதான் என்பதால், அந்த எண்ணை ஒரு மாறியில் வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அதை ஒன்று கூட்டிக்கொண்டே போனால் உங்கள் வேலை முடிந்துவிடும்:

சப் தொகைகணக்கிடு()
டிம் வரிசை ஆஸ் லாங்
டிம் கடைசி ஆஸ் லாங்
கடைசி = செல்ஸ்(ரோஸ்.கவுண்ட், "பி").எண்ட்(எக்ஸ்எல்அப்).ரோ
ஃபார் வரிசை = 2 டு கடைசி
செல்ஸ்(வரிசை, "டி").வேல்யூ = செல்ஸ்(வரிசை, "பி").வேல்யூ * செல்ஸ்(வரிசை, "சி").வேல்யூ
நெக்ஸ்ட் வரிசை
எண்ட் சப்

கடைசி என்ற மாறிக்கு மதிப்புத் தரும் வரி, பி நெடுவரிசையின் அடிமட்டத்திலிருந்து மேல்நோக்கி வந்து முதலில் தட்டுப்படும் நிரம்பிய செல்லின் வரிசை எண்ணைக் கண்டுபிடிக்கிறது. கன்ட்ரோல் விசையோடு மேல் அம்பை அழுத்தினால் நடப்பதும் இதுவே. இதனால் பட்டியல் நாளை நீண்டாலும் குறுகினாலும் மேக்ரோவைத் திருத்த வேண்டியதில்லை.

செல்ஸ் என்பதற்குப் பதிலாக ரேஞ்ச் என்பதையும் பயன்படுத்தலாம். ஆனால் மேற்கோள் குறிகள் எங்கே முடிகின்றன என்பதில் கவனம் வேண்டும். ரேஞ்ச்("டி" & வரிசை) என்று எழுதினால் வரிசையின் மதிப்பு 5 ஆக இருக்கும்போது அது டி5 ஆகிறது. மாறியின் பெயரையும் மேற்கோளுக்குள் சேர்த்துவிட்டால் எக்செல் அதை ஒரு முகவரியாகவோ பெயரிட்ட பகுதியாகவோ தேடிப் பார்த்து, கிடைக்காமல் 1004 என்ற பிழையைக் காட்டும். "டி2" & வரிசை என்று எழுதிவிட்டால் நிலைமை அதைவிட மோசம். பிழை எதுவும் வராது. டி25 செல்லில் போய் விடை எழுதப்பட்டிருக்கும். மாறியை முகவரியில் கோக்கும்போது செல்ஸ் வடிவத்தையே நான் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம்.

கேள்வி: டிம் என்று அறிவிக்காமலேயே மாறிகள் வேலை செய்கின்றன. பிறகு ஏன் எல்லாரும் அறிவிக்கச் சொல்கிறார்கள்?

பதில்: அறிவிக்காத மாறியை எக்செல் ஏற்றுக்கொள்கிறது என்பது உண்மை. அது எந்தப் பெயரைப் புதிதாகப் பார்த்தாலும் அந்த இடத்திலேயே எந்த வகை மதிப்பையும் ஏற்கும் வேரியன்ட் வகையில் ஒரு மாறியை உண்டாக்கிக்கொள்கிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. மொத்தம் என்று முதலில் எழுதிய பெயரை ஆங்கில எழுத்தில் அடுத்த முறை தட்டும்போது ஒரு எழுத்து விடுபட்டால், அது இரண்டாவது மாறியாகப் பிறந்துவிடும். மதிப்பு எதுவும் இல்லாத அந்த வெற்று மாறி, கூட்டல் கணக்கில் 0 ஆகவும் உரையில் வெற்று உரையாகவும் நடந்துகொள்ளும். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தவறான விடை தாளில் ஏறிவிடும். அதைப் பார்ப்பவருக்குச் சந்தேகம் வருவதற்குக்கூடக் காரணம் இருக்காது.

மாட்யூலின் (எடிட்டரில் மேக்ரோக்களை எழுதும் பக்கத்தின்) முதல் வரியில் ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் என்று எழுதிவிடுங்கள். அதன்பின் அறிவிக்காத பெயர் ஒன்று எங்கே வந்தாலும் மேக்ரோ ஓடத் தொடங்குமுன்பே எடிட்டர் அதைச் சுட்டிக்காட்டி நிறுத்திவிடும். எடிட்டரின் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று ரிக்வயர் வேரியபிள் டிக்ளரேஷன் என்பதைத் தேர்ந்தெடுத்தால், இனி நீங்கள் உருவாக்கும் ஒவ்வொரு மாட்யூலிலும் அந்த வரி தானே வந்து அமர்ந்துகொள்ளும். பழைய மாட்யூல்களில் மட்டும் நீங்களே எழுத வேண்டும்.

அறிவிப்பிலேயே மறைந்திருக்கும் ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். டிம் அளவு, விலை, தொகை ஆஸ் டபுள் என்று ஒரே வரியில் எழுதினால் மூன்றும் டபுள் (தசம எண்) வகை ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் தொகை மட்டுமே டபுள். மற்ற இரண்டும் வகை குறிக்கப்படாததால் வேரியன்ட் ஆகிவிடுகின்றன. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஆஸ் டபுள் என்று தனித்தனியே எழுத வேண்டும்.

கேள்வி: சிறிய கோப்பில் சரியாக ஓடிய மேக்ரோ, பெரிய கோப்பில் ஓவர்ஃப்ளோ என்றும் பிழை எண் 6 என்றும் சொல்லி நிற்கிறது. வரிசை எண்ணுக்கு இன்டிஜர் வகையில் மாறி வைத்திருக்கிறேன்.

பதில்: இன்டிஜர் 16 பிட் அளவுள்ளது. அதில் -32,768 முதல் 32,767 வரையிலான எண்கள் மட்டுமே அடங்கும். எக்செல் 2007 முதல் ஒரு தாளில் 10,48,576 வரிசைகள் இருக்கின்றன. அதற்கு முந்தைய பதிப்புகளில் இருந்த 65,536 வரிசைகளுக்குக்கூட இன்டிஜர் போதாது. லாங் வகை 2,14,74,83,647 வரை தாங்கும். வரிசை எண், எண்ணிக்கை போன்ற முழு எண்களுக்கு எப்போதும் லாங் வகையையே வைத்துக்கொள்ளுங்கள்.

லாங் என்று மாற்றிய பிறகும் இதே பிழை ஓரிடத்தில் வரக்கூடும். பரப்பு என்ற லாங் மாறிக்கு 200 * 200 என்று மதிப்புக் கொடுத்துப் பாருங்கள், ஓவர்ஃப்ளோ வரும். வலப்பக்கத்தில் உள்ள இரண்டு எண்களும் சிறியவை என்பதால் எடிட்டர் இரண்டையும் இன்டிஜராகவே எடுத்துக்கொண்டு, பெருக்கலையும் இன்டிஜர் கணக்காகவே செய்கிறது. விடையான 40,000 அந்த வகைக்குள் அடங்காததால், இடப்பக்கத்து மாறியை எட்டும் முன்பே கணக்கு முறிந்துவிடுகிறது. ஓர் எண்ணை மட்டும் சிஎல்என்ஜி(200) என்று எழுதினால் போதும்.

கேள்வி: செல்லில் தெரியும் எண் ஒன்று, மேக்ரோவில் மாறிக்கு வரும் எண் வேறொன்று. தேதி இருக்கும் செல்லைப் படித்தால் சில நேரம் தேதி வருகிறது, சில நேரம் 45292 போன்ற எண் வருகிறது. விலை உள்ள செல்லில் கடைசித் தசமங்கள் காணாமல் போகின்றன. எது உண்மையான மதிப்பு?

பதில்: இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். மேக்ரோ எழுதுபவர்களிடமிருந்து வரும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றைத் தோண்டிப் பார்த்தால் அடியில் இதுவே கிடக்கிறது. ஒரு செல்லைப் பொறுத்தவரை மூன்று விஷயங்களைத் தனித்தனியே பார்க்கப் பழக வேண்டும். செல்லுக்குள் சேமிக்கப்பட்டிருக்கும் மதிப்பு ஒன்று. அந்த மதிப்பு வடிவமைப்பின் வழியாகத் திரையில் தோன்றும் விதம் இன்னொன்று. அதை வாங்கிக்கொள்ளும் மாறியின் வகை மூன்றாவது. இவற்றில் எந்த இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

திரையில் தோன்றும் வடிவத்தைத் தருவது டெக்ஸ்ட் என்ற பண்பு. செல்லில் 12.3456 இருந்து, இரண்டு தசமம் மட்டும் காட்டும்படி வடிவமைத்திருந்தால், டெக்ஸ்ட் தருவது 12.35 என்ற உரை. நெடுவரிசையின் அகலம் போதாமல் திரையில் வேலிக் குறிகளாகத் (#) தெரிந்தால், டெக்ஸ்ட் பண்பும் அந்த வேலிக் குறிகளையே தரும். கணக்குக்கு அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். திரையில் உள்ளபடியே ஓர் அறிக்கையின் தலைப்பில் எழுத வேண்டும் என்பது போன்ற இடங்களில் மட்டுமே அது பொருந்தும்.

நாம் வழக்கமாக எழுதும் வேல்யூ பண்பு சேமித்த மதிப்பையே தருகிறது. ஆனால் தருவதற்கு முன் செல்லின் வடிவமைப்பை ஒருமுறை பார்த்துக்கொள்கிறது. செல் தேதியாக வடிவமைக்கப்பட்டிருந்தால் டேட் வகையாகவும், பண மதிப்பாக வடிவமைக்கப்பட்டிருந்தால் கரன்சி வகையாகவும் மாற்றித் தருகிறது. கரன்சி வகையில் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்களுக்கு மேல் இடமில்லை. உங்கள் விலை 0.123456 என்று இருந்தால், நீங்கள் மாறியை டபுள் என்று அறிவித்திருந்தாலும், கரன்சியாக மாறிய பிறகே மதிப்பு உங்கள் மாறிக்கு வருவதால் 0.1235 மட்டுமே கிடைக்கிறது. தசமங்கள் காணாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

வேல்யூ2 என்ற பண்பு வடிவமைப்பைக் கண்டுகொள்வதில்லை. தேதியோ பணமோ எதுவானாலும் உள்ளே இருக்கும் எண்ணை அப்படியே தருகிறது. கணக்கிடுவதற்காகப் படிக்கும் இடங்களில் வேல்யூ2 என்பதைப் பயன்படுத்துவதே என் பரிந்துரை. தேதியைத் தேதியாகவே கையாள வேண்டிய இடத்தில் மட்டும் வேல்யூ எழுதி, டேட் என்று அறிவித்த மாறியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி 45292 என்ற எண்ணுக்கு வருவோம். எக்செல் தேதியை நாள்களின் வரிசை எண்ணாகவே சேமிக்கிறது. 1900 ஜனவரி 1 என்பது 1. அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் 2024 ஜனவரி 1 என்பது 45292. நேரம் அதே எண்ணின் தசமப் பகுதியில் இருக்கும். நண்பகல் 12 மணி என்பது 0.5. ஆகவே உங்களுக்கு எண்ணாக வந்ததும் தேதியாக வந்ததும் ஒரே மதிப்புதான். செல்லின் வடிவமைப்பும் மாறியின் வகையும் மாறியதால் தோற்றம் மாறியது.

பழைய ஆவணங்களின் தேதிகளைக் கையாளுபவர்களுக்காக ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்கிறேன். 1900 லீப் ஆண்டு அல்ல. ஆனாலும் லோட்டஸ் 1-2-3 மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக எக்செல் அதை லீப் ஆண்டாகவே கருதி, இல்லாத பிப்ரவரி 29-ஐயும் ஒரு நாளாக எண்ணுகிறது. மேக்ரோ மொழி அப்படிச் செய்வதில்லை. அதனால் 1900 ஜனவரி, பிப்ரவரி மாதத் தேதிகளில் மட்டும் தாளின் எண்ணுக்கும் மாறியின் எண்ணுக்கும் ஒரு நாள் வேறுபாடு இருக்கும். மார்ச் 1 முதல் இரண்டும் ஒன்றிவிடுகின்றன.

மேக்ரோவிலிருந்து செல்லுக்குத் தேதியை எழுதும்போது அதை உரையாக எழுதாதீர்கள். "05/06/2024" என்ற உரை ஜூன் 5-ஆ, மே 6-ஆ என்ற கேள்வியை எக்செல் தன் வழியில் தீர்த்துக்கொள்ளும். மேக்ரோ வழியாக வரும் உரையில் மாதத்தை முதலில் வைத்துப் படிப்பதே அதன் இயல்பு. டேட்சீரியல்(2024, 6, 5) என்று ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் பிரித்துக் கொடுத்தால் எந்தக் கணினியிலும் அது ஜூன் 5 மட்டுமே.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சிக்கல், முன்னால் சுழியம் உள்ள குறியீட்டு எண்கள். உரைக்கான ஸ்ட்ரிங் மாறியில் "00123" என்று சரியாகவே இருக்கும். அதைச் செல்லில் எழுதியவுடன் எக்செல் அதை எண்ணாகப் புரிந்துகொண்டு 123 என்று மாற்றிவிடும். எழுதுவதற்கு முன் அந்தச் செல்லின் நம்பர்ஃபார்மட் பண்புக்கு "@" என்று மதிப்புக் கொடுத்து, அதை உரைச் செல்லாக ஆக்கிவிட வேண்டும். 15 இலக்கங்களுக்கு மேல் நீளும் அடையாள எண்களுக்கும் இதே மருந்துதான். எண்ணாகச் சேமித்தால் 15-க்குப் பிந்தைய இலக்கங்கள் சுழியங்களாகிவிடும், அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை.

கேள்வி: இரண்டு செல்களில் 10, 20 என்று இருக்கின்றன. மாறிகளில் எடுத்துக் கூட்டினால் 1020 என்று வருகிறது. வேறு சில வரிசைகளில் டைப் மிஸ்மேட்ச் என்ற பிழை வருகிறது.

பதில்: அந்த இரண்டு செல்களிலும் எண்கள் உரையாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. வேறு மென்பொருள்களிலிருந்து இறக்குமதி செய்த தாள்களில் இது மிகச் சாதாரணம். கூட்டல் குறியின் இருபுறமும் உரை இருந்தால் மேக்ரோ மொழி அவற்றை ஒட்டிவிடுகிறது. ஒருபுறமாவது எண் இருந்தால் கூட்டிவிடுகிறது. உங்கள் மாறிகள் வேரியன்ட் வகையில் இருப்பதால் உரை உரையாகவே உள்ளே வந்திருக்கிறது. இன்புட்பாக்ஸ் மூலம் பயனரிடம் எண் கேட்கும்போதும் இதே விளைவு ஏற்படும். அது எப்போதும் உரையையே திருப்பித் தரும். மாறிகளை டபுள் என்று அறிவித்துவிட்டால், வாங்கும் நேரத்திலேயே "10" என்ற உரை 10 என்ற எண்ணாகிவிடும். உரைகளை ஒட்ட வேண்டிய இடத்தில் கூட்டல் குறியை விட்டுவிட்டு & குறியை மட்டுமே பயன்படுத்துங்கள்; உங்கள் நிரலைப் படிக்கும் அடுத்தவருக்கும் உங்கள் நோக்கம் தெளிவாகும்.

டைப் மிஸ்மேட்ச் என்பது பிழை எண் 13. எண்ணாக மாற்றவே முடியாத ஒன்று டபுள் மாறிக்கு வந்தால் அது எழும். அந்த வரிசைகளில் வெறும் சொற்களோ, விலுக்கப் சூத்திரம் தேடியது கிடைக்காமல் விட்டுச்சென்ற என்/ஏ போன்ற பிழை மதிப்புகளோ இருக்க வேண்டும். பிழை மதிப்புள்ள செல்லை எதனோடும் ஒப்பிட்டாலே 13 வந்துவிடும் என்பதால், முதலில் அதை ஒரு வேரியன்ட் மாறியில் வாங்கி, ஈஸ்எரர் மூலம் சோதித்து, அதன் பிறகே ஈஸ்நியூமரிக் மூலம் எண்ணா என்று பார்க்க வேண்டும். இந்த வரிசை முக்கியமானது:

டிம் வந்தது ஆஸ் வேரியன்ட்
வந்தது = செல்ஸ்(வரிசை, "சி").வேல்யூ2
இஃப் ஈஸ்எரர்(வந்தது) தென்
பிழைகள் = பிழைகள் + 1
எல்ஸ்இஃப் ஈஸ்எம்ப்டி(வந்தது) தென்
வெற்று = வெற்று + 1
எல்ஸ்இஃப் ஈஸ்நியூமரிக்(வந்தது) தென்
மொத்தம் = மொத்தம் + சிடிபிஎல்(வந்தது)
எண்ட் இஃப்

நடுவில் ஈஸ்எம்ப்டி சோதனை எதற்கு என்று தோன்றலாம். வெற்றுச் செல்லைக் கொடுத்தாலும் ஈஸ்நியூமரிக் ஆம் என்றே சொல்லும். விலை எழுதப்படாத வரிசையும் விலை 0 என்று எழுதப்பட்ட வரிசையும் கூட்டுத்தொகையில் வேறுபடாமல் இருக்கலாம். சராசரி எடுக்கும்போது அந்த வேறுபாடு விடையையே மாற்றிவிடும்.

எல்லாம் செய்தும் எண் போலத் தெரியும் ஒரு செல் எண்ணாக மறுக்கிறது என்றால், அதில் இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டி வந்த, உடையா இடைவெளி எனப்படும் 160-ஆம் குறியீட்டு எழுத்து இருக்கக்கூடும். ட்ரிம் அதை நீக்காது. ரீப்ளேஸ் மூலம் சிஹெச்ஆர்டபிள்யூ(160) என்பதை வெற்று உரையாக மாற்றுங்கள். உள்ளே என்ன வகை இருக்கிறது என்று ஐயம் வரும்போதெல்லாம் கன்ட்ரோல், ஜி விசைகளை அழுத்தி இமீடியட் சாளரத்தைத் திறந்து, ஒரு கேள்விக்குறி போட்டு டைப்நேம்(ரேஞ்ச்("சி5").வேல்யூ) என்று தட்டுங்கள். ஸ்ட்ரிங், டபுள், டேட், கரன்சி, எரர், எம்ப்டி என்று அது உண்மையைச் சொல்லிவிடும். ஊகித்துக்கொண்டு நிரலைத் திருத்துவதைவிட இந்த ஒரு வரி எவ்வளவோ மேல்.

கேள்வி: 2.5 என்ற மதிப்பை முழு எண்ணாக்கினால் தாளில் 3 வருகிறது, மேக்ரோவில் 2 வருகிறது.

பதில்: மேக்ரோ மொழியின் ரவுண்ட், சிஎல்என்ஜி இரண்டும் சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும். 2.5 என்பது 2 ஆகும், 3.5 என்பது 4 ஆகும். தாளில் உள்ள ரவுண்ட் சூத்திரம் பாதியை எப்போதும் சுழியத்திலிருந்து விலகும் பக்கமாகத் தள்ளும். தாளோடு ஒத்துப்போக வேண்டுமானால் மேக்ரோவிலும் வொர்க்‌ஷீட்ஃபங்ஷன்.ரவுண்ட் என்பதை அழைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேக்ரோவை விலைப்பட்டியல் தாளில் நின்று ஓட்டினால் சரியான விடை, வேறு தாளில் நின்று ஓட்டினால் தவறான மதிப்புகள். சரிசெய்யப் போய், செட் என்ற சொல் தொடர்பான 91 என்ற பிழையில் மாட்டிக்கொண்டேன்.

பதில்: பொதுவான மாட்யூலில் ரேஞ்ச்("பி2") என்று மொட்டையாக எழுதினால், அந்த நொடியில் திரையில் எந்தத் தாள் இருக்கிறதோ அதன் பி2 என்றே பொருள். அதே வரியை ஒரு தாளுக்கு உரிய மாட்யூலில் எழுதினால், எந்தத் தாள் திரையில் இருந்தாலும் அந்தத் தாளையே அது குறிக்கும். ஒரே வரி எழுதிய இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறுவது நல்லதல்ல. எனவே தாளை எப்போதும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

டிம் தாள் ஆஸ் வொர்க்‌ஷீட்
செட் தாள் = திஸ்வொர்க்புக்.வொர்க்‌ஷீட்ஸ்("விலை")
விலை = தாள்.செல்ஸ்(வரிசை, "சி").வேல்யூ2

மேக்ரோ எழுதப்பட்டுள்ள கோப்பைக் குறிப்பது திஸ்வொர்க்புக். திரையில் முன்னால் நிற்கும் கோப்பைக் குறிப்பது ஆக்டிவ்வொர்க்புக். இரண்டு கோப்புகள் திறந்திருக்கும்போது இந்த வேறுபாடு உங்களைக் காப்பாற்றும்.

எண், உரை, தேதி போன்றவற்றை மாறிக்குத் தரும்போது சமக்குறி போதும். தாள், செல், கோப்பு போன்ற பொருள்களை மாறிக்குத் தரும்போது முன்னால் செட் வேண்டும். செட் இல்லாமல் வொர்க்‌ஷீட் மாறிக்குத் தாளைத் தர முயன்றதே உங்களுக்கு 91 வந்ததற்குக் காரணம். செல் விஷயத்தில் இது இன்னும் நுட்பமானது. வேரியன்ட் மாறி ஒன்றுக்குச் செட் இல்லாமல் ரேஞ்ச்("பி2") என்று கொடுத்தால் பிழை வராது. செல்லுக்குப் பதில் அதன் அப்போதைய மதிப்பு மட்டும் நகலாகி உள்ளே வந்துவிடும். பிறகு செல் மாறினாலும் மாறி மாறாது; மாறியில் எழுதினாலும் செல்லில் எதுவும் ஏறாது. செட் போட்டு வாங்கினால் மாறி அந்தச் செல்லையே குறித்து நிற்கும். எது வேண்டும் என்பதை முடிவு செய்துகொண்டு எழுதுங்கள். மதிப்பு மட்டும் போதும் என்றால் இறுதியில் வேல்யூ என்பதை விடாமல் எழுதுவது நல்ல பழக்கம்.

தாள்.ரேஞ்ச்(செல்ஸ்(2, 1), செல்ஸ்(10, 3)) என்று எழுதும்போதும் கவனம் தேவை. வெளியே இருக்கும் ரேஞ்ச் உங்கள் தாளைக் குறித்தாலும் உள்ளே இருக்கும் இரண்டு செல்ஸும் திரையில் உள்ள தாளைக் குறிக்கின்றன. தாள்கள் வேறுபட்டால் 1004 பிழை வரும். உள்ளேயும் தாள்.செல்ஸ் என்றே எழுத வேண்டும்.

கேள்வி: ஐம்பதாயிரம் வரிசைகளைப் படித்துக் கணக்கிட்டுத் திரும்ப எழுத நெடுநேரம் ஆகிறது. வேகப்படுத்த வழி உண்டா?

பதில்: கணக்கு மெதுவானதல்ல; மேக்ரோ தாளைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஆகும் செலவே அதிகம். மூன்று செல்களை வரிசைக்கு வரிசை தொட்டால் ஒன்றரை லட்சம் முறை தாளுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. சந்தையிலிருந்து ஒவ்வொரு காயாக வீட்டுக்குக் கொண்டுவருவதைப் போன்றது அது. மொத்தத்தையும் ஒரே முறையில் வேரியன்ட் மாறிக்குள் அள்ளிக்கொண்டு, நினைவகத்திலேயே கணக்கிட்டு, விடைகளை ஒரே முறையில் திரும்ப எழுதலாம்:

டிம் உள்ளே ஆஸ் வேரியன்ட், விடை() ஆஸ் டபுள், ஐ ஆஸ் லாங்
உள்ளே = தாள்.ரேஞ்ச்("பி2:சி" & கடைசி).வேல்யூ2
ரீடிம் விடை(1 டு யுபவுண்ட்(உள்ளே, 1), 1 டு 1)
ஃபார் ஐ = 1 டு யுபவுண்ட்(உள்ளே, 1)
விடை(ஐ, 1) = உள்ளே(ஐ, 1) * உள்ளே(ஐ, 2)
நெக்ஸ்ட் ஐ
தாள்.ரேஞ்ச்("டி2").ரீசைஸ்(யுபவுண்ட்(விடை, 1), 1).வேல்யூ2 = விடை

தாளிலிருந்து வரும் அணி (ஒரே பெயரில் அடுக்கிவைத்த பல மதிப்புகள்) எப்போதும் வரிசை, நெடுவரிசை என்ற இரண்டு பரிமாணம் உடையது. ஒரே நெடுவரிசையைப் படித்தாலும் அப்படியே. எண்ணிக்கை 1-இல் தொடங்கும். ஆகவே உள்ளே(1, 1) என்பது தாளின் பி2 செல். நீங்கள் படிக்கும் பகுதி ஒரே ஒரு செல்லாக இருந்துவிட்டால் அணி வராது, வெறும் மதிப்பே வரும். அப்போது, அணியின் கடைசி எண்ணைச் சொல்லும் யுபவுண்ட் பிழை தரும் என்பதால் ஒரு நெடுவரிசையை மட்டும் படிக்கும் மேக்ரோக்களில் அந்த நிலையைத் தனியே கையாளுங்கள். படித்த பகுதியையே அப்படியே திரும்ப எழுதுவதையும் தவிருங்கள். அதில் சூத்திரங்கள் இருந்தால் அவை அழிந்து மதிப்புகள் மட்டுமே எஞ்சும்.

கேள்வி: மேக்ரோ எத்தனை முறை ஓடியது என்று ஒரு மாறியில் எண்ணிவருகிறேன். சில நேரம் அது மறுபடி 0 ஆகிவிடுகிறது.

பதில்: சப் என்பதற்குள் டிம் மூலம் அறிவித்த மாறி, அந்த சப் முடிந்தவுடன் மறைந்துவிடும். ஸ்டாட்டிக் என்று அறிவித்தாலோ மாட்யூலின் தலைப்பகுதியில் அறிவித்தாலோ அடுத்த ஓட்டத்திலும் மதிப்பு இருக்கும். ஆனால் பிழை ஏற்பட்டு எண்ட் பொத்தானை அழுத்தினாலும், நிரலில் எண்ட் என்ற கட்டளை தனியே வந்தாலும், கோப்பை மூடித் திறந்தாலும் அவையும் துடைக்கப்படும். நிலைத்து நிற்க வேண்டிய எண்ணை மாறியிடம் ஒப்படைக்காதீர்கள். மறைத்துவைத்த ஒரு தாளின் செல்லில் எழுதி, ஓட்டத்தின் தொடக்கத்தில் அங்கிருந்து மாறிக்குப் படித்து, முடிவில் திரும்ப எழுதிவிடுங்கள். கோப்பைச் சேமிக்க மறந்தால் அதுவும் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: செல்லில் உள்ள தமிழ்ப் பெயரை மாறியில் எடுத்து மெசேஜ் பாக்ஸில் காட்டினால் கேள்விக்குறிகளாக வருகிறது. மாறி தமிழை ஏற்காதா?

பதில்: ஏற்கும். ஸ்ட்ரிங் மாறி யூனிகோடை முழுமையாகத் தாங்கும். அதே மாறியை இன்னொரு செல்லில் எழுதிப் பார்த்தால் தமிழ் பிசகாமல் இருப்பதைக் காணலாம். எம்எஸ்ஜிபாக்ஸ் கட்டளையும் எடிட்டரின் சாளரங்களும்தான் யூனிகோடைக் காட்டத் தெரியாதவை. எடிட்டரில் தமிழ் உரையை நேரடியாகத் தட்டச்சு செய்ய முடியாததற்கும் அதுவே காரணம். மேக்ரோவுக்கு வேண்டிய தமிழ்த் தலைப்புகளை ஒரு தாளில் எழுதிவைத்து, செல்களிலிருந்து மாறிகளுக்குப் படித்துக்கொள்வதே எளிய வழி. லென் மூலம் நீளம் அளந்தால் உயிர்மெய் எழுத்தின் துணைக்குறிகளும் தனியே எண்ணப்படும். கா என்ற ஓர் எழுத்துக்கு 2 வரும்.

கேள்வி: லிப்ரே ஆஃபிஸ் கால்க் மென்பொருளில் இதே மேக்ரோக்கள் ஓடுமா?

பதில்: மாட்யூலின் முதல் வரியில் ஆப்ஷன் விபிஏசப்போர்ட் 1 என்று எழுதினால் எளிய எக்செல் மேக்ரோக்கள் பல அப்படியே ஓடும். அணிகள், பொருள்கள் என்று நீண்ட மேக்ரோவாக இருந்தால் கால்க்கின் சொந்த முறையில் மாற்றி எழுதுவதே நிம்மதி. அங்கே ஒரு செல்லை எடுப்பது இப்படி:

செல் = திஸ்காம்பொனென்ட்.ஷீட்ஸ்(0).கெட்செல்பைபொசிஷன்(2, 4)

இது சி5 செல். எக்செல்லின் செல்ஸ் என்பதில் வரிசை முதலில் வரும், எண்ணிக்கை 1-இல் தொடங்கும். இங்கே நெடுவரிசை முதலில் வருகிறது, எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது. மாற்றி எழுதும்போது பெரும்பாலான தவறுகள் இந்த ஓரிடத்திலேயே நிகழ்கின்றன. முகவரியாகவே எழுத விரும்பினால் கெட்செல்ரேஞ்ச்பைநேம்("சி5") என்று எழுதலாம்.

எண்ணைப் படிக்க வேல்யூ, உரையைப் படிக்க ஸ்ட்ரிங், சூத்திரத்தைப் படிக்க ஃபார்முலா என்று கால்க்கில் மூன்று பண்புகள் தனித்தனியே இருக்கின்றன. உரை உள்ள செல்லில் வேல்யூ கேட்டால் பிழை எதுவும் காட்டாமல் 0 என்று தந்துவிடும். எக்செல்லில் டைப் மிஸ்மேட்ச் என்று நின்று எச்சரித்திருக்கும் இடத்தை இது அமைதியாகத் தாண்டிப் போவதால், எண் வர வேண்டிய செல்லைப் படிக்குமுன் அதன் டைப் பண்பைப் பார்த்து, அது உரைச் செல்லாக இருந்தால் கணக்கில் சேர்க்காமல் தனியே குறித்துக்கொள்ளும்படி உங்கள் மேக்ரோவை எழுதுங்கள்.